குரூகர் பூங்காவின் ஓய்வு முகாம்களும் அகற்றப்பட்ட மனிதர்களும்

முகாம் என்ற சொல் எமது தலைமுறை ஈழத்தமிழர்களின் காதில் இனிமையாக விழும் சொல் அல்ல. இராணுவ முகாம், அகதி முகாம், தடுப்பு முகாம், நலன்புரி முகாம் என்று அதற்கு எந்த அடைமொழியைச் சேர்த்தாலும் முட்கம்பி வேலியும், வாயிற் காவலும், உள்ளே வருவோர் போவோர் விபரம் எழுதும் ஒரு பதிவேடும் மனக்கண்ணில் தோன்றிவிடுகின்றன. 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்ததை எழுதிய பத்திரிகையாளர்களில் ஒருவனான எனக்கு, மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலிக்குள், மாலை ஐந்தரை மணிக்கு வாயிற்கதவு பூட்டப்படும் ஒரு முகாமில் பணம் கட்டித் தங்குவது என்பது முதலில் சற்று விநோதமாகவே இருந்தது.

கடந்த ஆண்டு யூலை மாதத்தில், ஜோகன்னஸ்பேர்க்கில் நடைபெற்ற ஊடகவியலாளர் சந்திப்பொன்று முடிந்த கையோடு, தென்னாபிரிக்காவின் குரூகர் தேசிய பூங்காவில் ஐந்து இரவுகளைக் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அந்தப் பூங்காவின் தங்குமிடங்களுக்குப் பெயரே 'ஓய்வு முகாம்' என்பதுதான். சிங்கத்தைக் கண்டேன், சிறுத்தையைக் கண்டேன் என்று எழுதுவதற்கு இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனது அக்கறை அந்த முகாம்களைப் பற்றியது.

முதலில் பூங்காவின் பருமனைச் சொல்லிவிடவேண்டும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 360 கிலோமீற்றர் நீளம். பரப்பளவு 19,000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். எமது வடமாகாணத்தைப் போன்று இரண்டு மாகாணங்களை அதற்குள் வைத்த பின்னரும் இடம் மிஞ்சும். கிழக்கே மொசாம்பிக், வடக்கே லிம்போப்போ ஆற்றுக்கு அப்பால் சிம்பாப்வே. இந்தப் பரந்த வனத்துக்குள் ஸ்குகூசா, லோவர் சாபி, சதாரா, ஒலிஃபன்ற்ஸ், லெத்தாபா, பூண்டா மரியா என்று பன்னிரண்டு பிரதான ஓய்வு முகாம்கள் இருக்கின்றன. இவற்றைவிடச் சிறிய முகாம்களும் உண்டு. அனைத்தையும் நடத்துவது அரச நிறுவனமான தென்னாபிரிக்கத் தேசிய பூங்காக்கள் அமைப்பு.

முகாமின் வாழ்க்கை முறை எளிமையானது. புல் வேய்ந்த கூரையுடனான வட்ட வடிவக் குடிசைகளை ரொண்டாவெல் என்கிறார்கள். உள்ளே இரண்டு கட்டில்கள், ஒரு குளியலறை. சமையல் எல்லாம் வெளித் திண்ணையில்தான். குளிர்சாதனப் பெட்டியும் அங்கேயே இருக்கும். அதனைப் பூட்டி வைக்கத் தவறினால் குரங்குகள் திறந்துவிடும். குப்பைத் தொட்டிகளைக் கிளறுவதற்கென்றே ஹனி பட்ஜர் என்னும் கருப்பும் வெள்ளையுமான ஒரு முரட்டு விலங்கு இரவில் வருகிறது. கீரியைவிடப் பெரிது, நாயைவிடத் துணிச்சல் அதிகம். ஸ்குகூசா முகாமின் கட்டடங்களில் கூரைக்கூரையாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் பார்த்தபோது ஊர்க் கோயில் ஆலமரம் ஞாபகத்துக்கு வந்தது.

வரவேற்பு மண்டபத்தில் பூங்காவின் வரைபடம் ஒன்று தொங்குகிறது. இன்று எந்த வீதியில் யானை, எந்த வளைவில் சிங்கம் என்பதை அன்றைய பயணிகளே நிறக் குறிகளால் அதில் அடையாளமிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விடயம் இதுதான். தான் கண்டதை மற்றவனுக்கும் சொல்லவேண்டும் என்ற எண்ணத்தை ஒரு பலகையை வைத்தே வளர்க்கமுடிகிறது. விடிகாலையில் வாயில் திறப்பதற்கு முன்னரே வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. உங்கள் சொந்த வாகனத்தில், நீங்களே செலுத்திக்கொண்டு செல்லலாம். தார் வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், கிரவல் வீதியில் 40 என்பது வேக வரம்பு. குறித்த சில இடங்களைத் தவிர எங்கும் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. வாயில் மூடுவதற்கு முன்னர் திரும்பிவிடவேண்டும். பிந்தி வருபவர்களுக்குத் தண்டம் உண்டு.

மாலையில் குடிசைக்குக் குடிசை அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுகிறார்கள். அந்தப் புகை எழுந்ததும் வேலிக்கு அப்பால் கழுதைப்புலிகள் வந்து நின்று முகர்கின்றன. உணவு போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை அந்த விலங்குகளின் பொறுமையிலிருந்தே அறிந்துகொள்ளலாம். எனது அடுத்த குடிசையில் தங்கியிருந்த முதிய ஆபிரிக்கானர் தம்பதியினர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் இங்கு வருகிறார்களாம். ஊரில் வீடு மாறிவிட்டது, பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், இந்த முகாம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று அந்த அம்மையார் சொன்னார். உண்மையான பாசத்துடன் சொன்னார். அதனை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் திண்ணையைக் கூட்டிக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பூங்காவின் மேற்கு எல்லைக்கு அப்பால் உள்ள கிராமமொன்றைச் சேர்ந்தவர். பதினோராண்டுகளாக இங்கே வேலை. ஒரேயொரு இரவேனும் விருந்தாளியாகத் தங்கியதில்லை என்றார். ஸ்குகூசா என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். பதில் சொல்வதற்குப் பதிலாகக் கையிலிருந்த விளக்குமாற்றை இரண்டு தடவை வீசிக் காட்டிவிட்டுச் சிரித்தார். ஒன்றும் மிச்சமில்லாமல் கூட்டித் துடைத்துவிடுகிறவன் என்பது அர்த்தம்.

யாரை அப்படி அழைத்தார்கள் என்பதும், எதனை அவர் கூட்டித் துடைத்தார் என்பதும்தான் முக்கியமானவை. 1898 ஆம் ஆண்டில் போயர் குடியரசின் தலைவர் போல் குரூகரின் அரசாங்கம் சாபி ஆற்றங்கரையில் ஒரு வேட்டைத் தடைப் பிரதேசத்தைப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டே பிரித்தானியருடன் யுத்தம் வெடித்தது. யுத்தம் முடிந்த 1902 ஆம் ஆண்டில், வெற்றிபெற்ற தரப்பின் இராணுவ அதிகாரியான ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹமில்டன் அந்தப் பிரதேசத்தின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். அவர் செய்த முதற் காரியங்களில் ஒன்று, அங்கு வாழ்ந்துவந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்க மக்களை வெளியேற்றியது. அதற்காகவே அந்த மக்கள் அவருக்கு ஸ்குகூசா என்று பெயரிட்டனர். 1936 ஆம் ஆண்டில் பூங்காவின் தலைமை முகாமுக்கு அந்தப் பெயரையே சூட்டினார்கள். இடித்துரைக்கவென மக்கள் வைத்த பெயரை கௌரவப் பட்டமாக ஏற்றுக்கொள்ளும் மனோபாவத்தை எப்படி வர்ணிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று அந்த முகாமில் விமான நிலையம் உண்டு, கோல்ஃப் மைதானம் உண்டு, அவரது பெயரில் நூலகமும் உண்டு.

நேர்மையாகச் சொல்வதானால், ஸ்டீவன்சன்-ஹமில்டன் இல்லாமல் அந்த வனம் எஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. அவர் பொறுப்பேற்ற காலத்தில் அங்கு யானைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. தந்தத்துக்காகவும் தோலுக்காகவும் அவற்றைச் சுட்டுத் தீர்த்தவர்கள் வெள்ளை வேட்டைக்காரர்கள். இன்று பல்லாயிரக்கணக்கான யானைகள் அங்கு திரிகின்றன. 1946 வரை பதவியிலிருந்த அந்த மனிதர் சுரங்கக் கம்பனிகளோடும் பண்ணைக்காரர்களோடும் இடைவிடாது மல்லுக்கட்டியவர். 1926 இல் தேசிய பூங்காச் சட்டம் நிறைவேறியதற்கு அவரது பிடிவாதம் முக்கிய காரணம். இவை யாவும் உண்மை. ஆனால், வனத்தை அழித்தவர்கள் ஒரு சாராராகவும், அதற்காக வெளியேற்றப்பட்டவர்கள் இன்னொரு சாராராகவும் இருந்தார்கள் என்பதும் அதேயளவுக்கு உண்மை.

1927 ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது மூன்றே மூன்று மோட்டார் வண்டிகள் வந்தனவாம். இன்று ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். பயணிகளுக்காக ஓய்வு முகாம்கள் கட்டப்பட்டபோது, கட்டுவதற்கு இலகுவானதாகவும் வெயிலுக்கு உகந்ததாகவும் தெரிவுசெய்யப்பட்ட வடிவம் ஆபிரிக்க மக்களின் வட்டக் குடிசை. ஆரம்பக் குடிசைகளின் கதவில், வெளியே சிங்கம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு துளையும் வைத்திருந்தார்களாம். வீட்டின் வடிவத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்காரனை அனுப்பிவிட்டார்கள் என்று நான் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால், அந்த வட்டக் குடிசைகளில் கறுப்பின மக்கள் பணியாளர்களாக அன்றி விருந்தினர்களாகத் தங்குவதற்குப் பல தசாப்த காலமாக அனுமதி இருக்கவில்லை. ஒலிஃபன்ற்ஸ் ஆற்றுக்கு அருகே பலூலே என்னும் ஒரு சிறிய முகாம் 'வெள்ளையர் அல்லாதோருக்கு' என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து துரூரோ கப்பலில் டேர்பன் துறைமுகத்தில் இறங்கிய தமிழ்க் கூலித் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பூங்காவைப் பார்க்க வந்திருந்தால், அவர்களுக்கும் அதுவே கதி. இன்று எளிமையை விரும்பும் பயணிகள் பலூலேயைத் தேடிப்போய்த் தங்குகிறார்கள்.

நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்துவிட்டன. வாயில் யாவருக்கும் திறந்திருக்கிறது. தென்னாபிரிக்கர்களுக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. ஆண்டுதோறும் செப்ரெம்பரில் ஒரு வாரம் அந்நாட்டு மக்கள் பகற்பொழுதில் இலவசமாக உள்ளே செல்லலாம். தங்குவதற்கு அந்தச் சலுகை இல்லை. இந்த ஏற்பாடுகளை நான் மெச்சுகிறேன். பூங்காவுக்குள்ளேயும் அதன் மேற்கு விளிம்பிலும் தனியார் நடத்தும் ஆடம்பர விடுதிகளில் ஓர் இரவுக்கு அறவிடும் பணத்தில் ஓய்வு முகாமில் இரு வாரங்கள் தங்கிவிடலாம். சாதாரண ஆசிரியர் ஒருவரும் ஒரு செல்வந்தரும் ஒரே வேலிக்குள், ஒரே பொதுச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவும் இடம் ஆபிரிக்காவின் சஃபாரி உலகில் அதிகம் இல்லை. அரசாங்கம் நடத்துவதால் சில குழாய்கள் ஒழுகுகின்றன என்பதற்காக இவற்றையும் தனியாருக்குக் கொடுத்துவிடலாம் என்று வாதிடுபவர்களை நான் ஏற்கமாட்டேன். ஆனாலும் ஐந்து இரவுகளில் நான் கண்ட கறுப்பினக் குடும்பங்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம் என்பதையும் எழுதியாகவேண்டும். சட்டம் திறந்துவிட்ட கதவைக் குடும்ப வருமானம் பாதி சாத்தி வைத்திருக்கிறது.

வேலிக்கு அப்பால் வாழும் மக்களுக்குப் பூங்காவால் என்ன பயன் என்ற கேள்வி வெறும் நியாயம் பற்றிய கேள்வியும் அல்ல. 2014 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் 1215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை குரூகரில். கொம்பை வாங்குபவர்கள் ஆசியாவின் பணக்காரர்கள். ஆனால் துப்பாக்கியுடன் இரவில் வேலியைக் கடப்பவன் பெரும்பாலும் எல்லைக் கிராமத்து ஏழை இளைஞன். அவனைப் பிடிப்பதற்கு ஹெலிகொப்டரும் மோப்ப நாயும் தேவைதான், மறுக்கவில்லை. அவனுடைய பாட்டனார் இந்த வனத்தின் குடிமகனாக இருந்தவர் என்பதை மறந்துவிட்டு நடத்தப்படும் பாதுகாப்பு, மேலும் மேலும் துப்பாக்கிகளைத்தான் கேட்கும்.

இந்த வரலாற்றில் எமது நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. பலர் அறியாத சங்கதி. 1899 முதல் 1902 வரையான அந்த யுத்தத்தில் பிரித்தானியர் போயர் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தனர். ஏறத்தாழ 28,000 பேர் நோயிலும் பசியிலும் இறந்தார்கள். கறுப்பின மக்களுக்கென இருந்த தனி முகாம்களில் 14,000க்குக் குறையாதோர் இறந்தார்கள். சிறைபிடிக்கப்பட்ட போயர் வீரர்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை இலங்கைக்குக் கப்பலேற்றித் தியத்தலாவையிலும் வேறு சில முகாம்களிலும் வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் முடிக்கு விசுவாசம் தெரிவித்துச் சத்தியம் செய்தவர்கள் ஊர் திரும்பினர். எங்கெல்பிரெக்ற் என்பவர் சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்டார். பின்னர் அம்பாந்தோட்டையில் யால வனத்தின் முதலாவது காப்பாளரானார். முதலாம் உலக யுத்த காலத்தில் ஜேர்மன் போர்க்கப்பலான எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற சந்தேகத்தில் சிறையும் இருந்தார். சென்னையில் குண்டு போட்டுவிட்டுத் தமிழ்மொழிக்கு ஒரு புதுச்சொல்லையும் தந்துவிட்டுப் போன அதே எம்டன்தான். 1922 இல் எங்கெல்பிரெக்ற் அம்பாந்தோட்டையிலேயே காலமானார். ஒரே யுத்தத்தில் வென்றவர் சாபியிலும் தோற்றவர் யாலவிலும் காட்டுக்குக் காவல் நின்றார்கள்.

யாலவிலிருந்து எமது வனஜீவராசிகள் பாதுகாப்பு வளர்ந்தது. அதனுடன் ஸ்குகூசாவின் விளக்குமாறும் வந்து சேர்ந்தது. 1983 ஆம் ஆண்டின் இறுதியில், துரித மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைக் காப்பதற்கென மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடுவர் குடும்பங்கள் ஹெனானிகலவில் நெல் விதைக்க அனுப்பப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமி சில குடும்பங்களுடன் தம்பானையை விட்டு அசைய மறுத்தார். 1998 இல் இறக்கும்வரை மறுத்தார். அன்றுவரை வாழ்வாக இருந்த தேனெடுப்பதும் வேட்டையாடுவதும் ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் குற்றமாகிப் போயின. நாடே அந்த ஆண்டில் வேறொரு நெருப்பில் எரிந்துகொண்டிருந்ததால், தமிழ்ப் பத்திரிகைகளிலும் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

மனிதனா விலங்கா என்று கேட்டு இந்த விவாதத்தை முடித்துவைக்க விரும்புகிறவர்களுக்கு, குரூகரின் வடகோடியில் ஒரு பதில் இருக்கிறது. லிம்போப்போ, லுவுவு ஆகிய இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட பஃபூரிப் பிரதேசம் மகுலேக்கே மக்களின் நிலம். 1969 ஆம் ஆண்டில் நிறவெறி அரசாங்கம் துப்பாக்கி முனையில் ஏறத்தாழ 3000 பேரை அங்கிருந்து வெளியேற்றி, அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தது. தமது வீடுகளுக்குத் தாமே தீ வைக்கும்படி அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டனர். மண்டேலாவின் ஆட்சியில் நிறைவேறிய 1994 ஆம் ஆண்டின் காணி உரிமை மீளளிப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் உரிமை கோரினார்கள். 1998 இல் 20,000 ஹெக்டேருக்கும் அதிகமான அந்த நிலம் அவர்களுக்கே மீளளிக்கப்பட்டது.

நிலம் கிடைத்தால் காட்டை வெட்டி மாடு மேய்ப்பார்கள், பூங்கா பாழாகும் என்று அஞ்சியவர்கள் பலர். மகுலேக்கே மக்கள் அப்படிச் செய்யவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை வனவிலங்குகளுக்காகவே வைத்திருப்பதாக உடன்படிக்கை செய்தார்கள். காணி உறுதி அவர்களிடம், பாதுகாப்பு நிர்வாகம் பூங்கா அமைப்புடன் கூட்டாக, விடுதிகளைக் குத்தகைக்கு விடும் உரிமையும் வருமானமும் அவர்களுக்கு. நான் மேலே குறைகூறிய ஆடம்பர விடுதிகளே அங்கும் இருக்கின்றன என்பதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே வாடகையை நிர்ணயிக்கும் மேசையில் நிலச் சொந்தக்காரர் அமர்ந்திருக்கிறார். வருமானம் எல்லா வீடுகளையும் சரிசமமாக எட்டுகிறதா என்ற சர்ச்சை அவர்களுக்குள்ளும் உண்டு. அது தமது சொத்தைப் பற்றித் தமக்குள் நடத்தும் சர்ச்சை. எமது நாட்டில் 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், இன்னமும் தமது காணிக்குள் கால் வைக்கும் அனுமதிக்காகவே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மகுலேக்கே மக்களுக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. எமது மக்களுக்கு அதைவிட அதிகமாகிவிட்டது.

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சஃபாரிக்குப் புறப்படும் எமது உறவுகள் பெரும்பாலும் பூங்காவின் தெற்குப் பகுதியோடு திரும்பிவிடுகிறார்கள். சிங்கங்கள் அங்கேதான் அதிகம் என்பது காரணம். அவர்களுக்கு ஒரு யோசனை. ஓரிரவை வடக்கே பூண்டா மரியா ஓய்வு முகாமுக்கு ஒதுக்குங்கள். சிறிய முகாம், கூட்டம் குறைவு, பழைய குடிசைகளின் வரிசை அழகானது. விடிகாலையில் வாயில் திறந்ததும் வடக்கு நோக்கி வாகனத்தைச் செலுத்தி லுவுவு ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மகுலேக்கே நிலம் தொடங்குகிறது. பாலத்தில் இறங்கி நிற்க அனுமதி உண்டு. கீழே முதலைகள் வெயில் காயும். ஆற்றோரத்துப் பெரு மரங்களில் பறவைகளின் இரைச்சல் கேட்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த பட்டையுடன் காய்ச்சல் மரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கும். மலேரியாவைப் பரப்புவது அந்த மரங்கள்தான் என்று நினைத்த வெள்ளையர்கள் வைத்த பெயர் அது. அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் அங்கு குடியிருக்கவில்லை. தாமே முடிவெடுத்து யானைகளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.